யாருடைய எறும்புகள்

முடிச்சூர்,
2 ஜனவரி 2025

மூன்றாவது மாடி மாமிக்கு,

நான் ஜோசலின். கீழே வாட்ச்மேன் சின்னப்பனின் மகள். மொட்டை மாடியில் காய்கறித் தொட்டிகள் வைத்திருப்பது நான்தான். நேற்று உங்கள் புடவையைத் தொட்டது அப்பா இல்லை, நான்.

நீங்கள் மாடிப்படியில் நின்று, "யாரு இதத் தொட்டா? யாரு நகத்தி வெச்சா? நாளைக்குத் திவசம், தெரியுமா?" என்று கேட்டபோது நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போதுகூட வராது. பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா மேலே வந்து, "நான்தாம்மா நவுத்தினேன், தெரியாம பூட்ச்சி" என்று சொல்லிவிட்டார். அவர் நேற்று அதுவரை மாடிக்கே வரவில்லை.

நடந்தது இதுதான். உங்கள் துணிக்கயிறு கட்டியிருக்கும் இரும்புக் கம்பத்தில்தான் என் அவரைப் பந்தலின் ஒரு மூலையும் கட்டியிருக்கிறது. அவரையில் அசுவினி பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் செடிப்பேன் என்று சொல்வோம். கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, தளிர் முழுவதும் அப்பியிருக்கும். அது சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு நீரை விடும். அந்த நீர் உங்கள் புடவையின் தலைப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலும் படக் கூடாது என்று எதிர்ப்பக்கக் கயிற்றுக்கு மாற்றினேன். கை கழுவிவிட்டுத்தான் தொட்டேன்.

உங்கள் துண்டு காய்கிறது. இந்தக் காகிதத்தை அதோடு சேர்த்துக் கிளிப் போட்டு வைக்கிறேன். அப்பாவை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஜோசலின்


3 ஜனவரி

ஜோசலினுக்கு,

துண்டோடு காகிதம் தொங்குவதைப் பார்த்து, ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று கசக்கப் போனேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் படித்தேன்.

திவசத்துக்குச் சமைக்கிறவள், முதல் நாளே நனைத்து உலர்த்திய புடவையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அது காயும்போது யார் கையும் படக் கூடாது. உயரத்தில் போட்டு, கொம்பால் எடுப்போம். மடி என்று சொல்வது இதைத்தான். என் மகள் நித்யஸ்ரீ தொட்டாலும் மடி போயிற்று, என் கணவர் தொட்டாலும் போயிற்று. வழக்கமாக எங்கள் பால்கனிக் கம்பியில் போடுவேன். அது ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்குவதால் மாடிக்கு வந்தேன். கடைசியில் ஒன்பது கஜத்தையும் மறுபடி நனைத்து, ஈரத்தோடு கட்டிக்கொண்டு மாமியார் திவசத்துக்குச் சமைத்தேன். மார்கழிக் குளிர். தும்மல் இன்னும் நிற்கவில்லை.

நீ தொட்டது மட்டும் என்றால் இதோடு விட்டிருப்பேன். டிசம்பர் பிறந்ததிலிருந்து என் துணிகளில் எறும்பு. இவருடைய வேட்டியில் பிசுக்கு. போன வாரம் தலையணை உறையில் பூண்டு நாற்றம். எங்கள் வீட்டுக்குள் பூண்டு வருவதே கிடையாது. நீ செடிக்கு எதையோ அரைத்து அடிக்கிறாய் என்று இவர் சொன்னார்.

கோபத்தில் புடவைக் கறையைப் படம் எடுத்துக் குடியிருப்போர் குரூப்பில் போட்டுவிட்டேன். முதல் மாடி சிட்டிபாபு சார் உடனே பிடித்துக்கொண்டார். மாடியில் தொட்டிகள் இருக்கலாமா கூடாதா என்று பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மீட்டிங் போட்டிருக்கிறார்கள். என் கணவர்தான் செயலாளர் என்பதால் தவிர்க்க முடியாது.

செடியை எடு என்று நான் சொல்லவில்லை. பூச்சியை ஒழி. சிட்டிபாபு சாருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் மருந்தடிப்பாராம். ஒரே நாளில் முடிந்துவிடும்.

நான் காலையில் கூடுவாஞ்சேரிக்கு ஆபீசுக்குப் போனால் திரும்ப ஏழு மணியாகும். பதில் எழுதுவதானால் இதே கிளிப்பில் மாட்டு.

காமு தோத்தாத்ரி


5 ஜனவரி

மாமிக்கு,

மருந்து வேண்டாம். அந்தக் காயை நாங்கள் சாப்பிடுகிறோம். இரண்டாம் மாடியிலும் சாப்பிடுகிறார்கள். மருந்து பேனை மட்டும் கொல்லாது, பேனைத் தின்ன வருவதையும் சேர்த்துக் கொல்லும். பிறகு திரும்பி வருவது பேன் மட்டும்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. காலையில் ஹோஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுகிறேன். அதிகம் அப்பிய தளிரைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுகிறேன். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்து அடித்தேன். காற்று உங்கள் பக்கம் வீசுகிறதா என்று பார்க்கவில்லை. அதை நிறுத்திவிட்டேன். இப்போது வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் அடிக்கிறேன். முதல் தடவை உச்சி வெயிலில் அடித்து இலையெல்லாம் கருகிவிட்டது. இன்னொரு தப்பும் செய்தேன். காய் நிறைய வரட்டும் என்று கடலைப் பிண்ணாக்கை அள்ளிப் போட்டேன். தளிர் கொழுத்தது. பேனுக்குக் கொழுத்த தளிர்தான் பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் போகாததற்குக் காரணம் எறும்பு. பேன் விடும் இனிப்பு நீருக்காக எறும்பு வருகிறது. நாம் மாடு வைத்துக்கொள்வது மாதிரி அது பேனை வைத்துக்கொள்கிறது. வேறு பூச்சி தின்ன வந்தால் கடித்து விரட்டுகிறது. தொட்டிக்குத் தொட்டி தூக்கிக்கொண்டும் போகிறது. பந்தல் கால் எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய்த் துணி சுற்றியிருக்கிறேன். அப்படியும் ஏறுகிறது.

எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மாடியில் இருக்கும் உங்கள் துளசித் தொட்டியிலிருந்து. அதைச் சுற்றித் தினமும் அரிசி மாவில் கோலம் போடுகிறீர்கள். மார்கழி என்பதால் பெரிய கோலம். மாமி, அந்த எறும்புகள் உங்களுடையவை. கொஞ்ச நாள் எறும்பு தின்னாத கல்மாவில் போட முடியுமா?

மீட்டிங்கில் தொட்டிகளை எடுக்கச் சொன்னால் அம்மா என்னை சிறுசேரிக்குக் கூட்டிப் போய்விடும். அம்மா அங்கே ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். "நாளெல்லாம் செடியாண்ட பேசினு கீற, மன்சங்களாண்ட பேசுனா இன்னா வாயி வலிக்குதா?" என்று கேட்கும். தோட்டத்திலிருந்து வீட்டுக்குக் காய் வருகிறவரை நான் வேலை செய்வதாகக் கணக்கு. தோட்டம் போனால் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். ஒரு தளத்தில் எத்தனையோ பேர் இருப்பார்களாம். கழிவறை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்ல வேண்டுமாம். என்னால் முடியாது.

இன்னொன்று. உங்கள் மகள் தொட்டாலும் மடி போகும் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். ஆனால் உங்கள் மகள் தொட்டுவிட்டால், கீழே போய் உட்கார்ந்து நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஜோசலின்


12 ஜனவரி

ஜோசலினுக்கு,

உன் காகிதத்தை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

எறும்பின் முதுகில் என் பெயர் எழுதியிருக்கிறதா? நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துளசிக்குக் கோலம் போடுகிறேன். அப்போதெல்லாம் எறும்பு மாவைத் தின்றுவிட்டுத் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. நீ பந்தல் போட்ட பிறகுதான் என் துணியில் ஏறுகிறது. அப்படியென்றால் யாருடைய எறும்பு? கல்மாவில் நான் போட மாட்டேன். அரிசி மாவில் போடுவதே நாலு ஜீவன் தின்னட்டும் என்றுதான். அவை தின்னக் கூடாது என்று கோலம் போட்டால் அது வெறும் படம்.

இவரிடம் சொன்னேன். "நன்னாத்தான் கேட்டிருக்கா. எறும்புக்கு ஆதார் கார்டு எடுத்துடு, பிரச்சினை தீர்ந்துடும்" என்கிறார். இந்த வீட்டில் எனக்கு இதுதான் ஆதரவு.

உன் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். அதில் நீ எழுதியதை மறுக்க மாட்டேன்.

ஆனாலும் குற்றம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. இன்று ஞாயிறு. நீங்கள் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் அவரையைப் பார்த்தேன். நீ சொன்ன கறுப்புப் பேனை விடு, அதைவிடப் பெரிய எதிரி இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. கறுப்பாக, நீளமாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு, உடம்பெல்லாம் முள். பார்க்கவே முதலைக்குட்டி மாதிரி. இலைக்கு இலை வேகமாக ஓடுகிறது. வெளியே தெரிந்தவற்றையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி, சோப்புத் தண்ணீர் மக்கில் போட்டுவிட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மக் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

காமு


13 ஜனவரி

மாமிக்கு,

மக்கைப் பார்த்தேன்.

அவை பொறிவண்டுக் குட்டிகள். சிவப்பாக, கறுப்புப் புள்ளியோடு இருக்குமே, அந்த வண்டு. சின்ன வயதில் அது இப்படித்தான் முதலை மாதிரி இருக்கும். செடியைத் தின்னாது. பேனைத்தான் தின்னும், வண்டைவிட அதிகமாகத் தின்னும். எறும்புக்குத் தப்பிப் பந்தலின் நடுவில் கொஞ்சம் பிழைத்திருந்தன. அவற்றை நம்பித்தான் வேப்பெண்ணெய் அடிப்பதைக்கூட இந்த வாரம் நிறுத்தி வைத்திருந்தேன்.

நீங்கள் தொட்டிருக்கக் கூடாது. நல்லதுக்கென்றுதான் தொட்டீர்கள். உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

நாளைக்குப் பொங்கல். துளசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அவரைக்காய் உங்களுக்கு. கழுவிவிட்டேன், பேன் இல்லை.

ஜோசலின்


17 ஜனவரி

ஜோசலினுக்கு,

ஆபீசில் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. பக்கத்து சீட் ஷீலா, "என்ன மேடம், காலங்காத்தால புழு பாத்துட்டு இருக்கீங்க, லீவு முடிஞ்சு வேலை குவிஞ்சிருக்குங்க" என்றாள். நான் கொன்ற ஒவ்வொன்றும் எத்தனை பேனைத் தின்றிருக்கும் என்று அதில் போட்டிருந்தது. மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்கிறேன்.

அவரைக்காய்க் கறி பண்ணினேன். நன்றாக இருந்தது.

இப்போது வேறொரு விஷயம். நேற்று விடுமுறை. துணி எடுக்க வந்தவள், எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்று எறும்பைப் பார்த்தேன். துளசித் தொட்டிக்கு மேலே, சுவரில் ஒரு கொக்கி இருக்கிறது. என் துணிக்கயிற்றின் ஒரு முனை அதில்தான் மாட்டியிருக்கிறது. மறுமுனை உன் பந்தல் கம்பத்தில். எறும்பு கோலத்திலிருந்து சுவரில் ஏறி, கொக்கிக்கு வந்து, என் கயிற்றின் மேலே வரிசையாக நடந்து, நேராக உன் பந்தலில் இறங்குகிறது. நீ கம்பத்தின் காலில் எண்ணெய்த் துணி சுற்றி என்ன பிரயோசனம்? அது காலுக்கே வருவதில்லை. வழியில் என் துணிகள் தொங்குகின்றன, அவற்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஆக, எறும்பு யாருடையது என்பது இருக்கட்டும். பாலம் என்னுடையது.

அந்தக் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றிக் கட்டிவிடலாம். அந்தக் கம்பத்தில் உன் பந்தல் மட்டும் இருக்கட்டும். முடிச்சு உயரத்தில் இருக்கிறது, ஒருவர் ஏணியைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஏழு மணிக்கு வா.

காமு


20 ஜனவரி

மாமிக்கு,

நேற்று நான் வராமல் இல்லை. வந்தேன். மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், கடைசிப் படியில் நின்றிருந்தேன். நீங்கள் தனியாக இருந்திருந்தால் வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுச் சாரும் இருந்தார்.

நீங்கள் பேசியது கேட்டது.

"ஏன் காமு, இந்த வயசுல ஏணி மேல ஏறி என்ன பண்றே?"

"எறும்புக்கு வழி அடைக்கறேன். பேசாம ஏணியப் பிடிங்கோ."

"அந்தப் பொண்ணு வரேன்னு சொன்னாளோல்லியோ?"

"அவ வருவா. நீங்க போனாத்தான் வருவா."

"அப்போ ஏணிய யார் பிடிக்கறது?"

"அதான் சொல்றேன், ரெண்டு கையாலயும் பிடிங்கோளேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்கும் என்று கீழே போய்விட்டேன்.

நீங்கள் போன பிறகு மேலே வந்து பார்த்தேன். புதிய முடிச்சு உறுதியாக இருக்கிறது. கம்பத்தில் விளக்கெண்ணெய்த் துணியை மாற்றிக் கட்டினேன். பந்தலில் மாட்டிக்கொண்ட எறும்புகளைத் தண்ணீர் பீய்ச்சி இறக்கிவிட்டேன். அவை கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஏற வழி இல்லை. அப்பிய தளிரையெல்லாம் கிள்ளியாயிற்று. சாயங்காலம் ஒரே ஒரு தடவை வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன்.

இனி அடிக்கப் போவதில்லை, ஏனென்றால் வண்டு கொண்டு வரப் போகிறேன். நம் பின்பக்கம் வேலி போட்ட காலி மனையில் எருக்கஞ்செடி நிறைய இருக்கிறது. எருக்கில் மஞ்சள் பேன் பிடிக்கும். அது எருக்கிலேயே இருக்கும், அவரைக்கு வராது. ஆனால் அதைத் தின்ன வரும் பொறிவண்டு எந்தப் பேனையும் தின்னும். அங்கே முதலைக்குட்டிகளும் இருக்கின்றன. பசங்கள் கிரிக்கெட் ஆடாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். போன தடவை எட்டிப் பார்த்ததற்கே, "இன்னாக்கா, எருக்கம்பூ பறிக்கிறியா? யாருக்கு மாலை?" என்று கத்தினார்கள்.

உங்களை வரவழைத்துவிட்டு நான் வராமல் இருந்தது தப்பு.

ஜோசலின்


27 ஜனவரி

ஜோசலின்,

இன்று துண்டில் எறும்பு இல்லை. தலையணை உறையிலும் இல்லை. இதைச் சொல்லத்தான்.

துளசிப் பக்கம் ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

காமு


30 ஜனவரி

மாமிக்கு,

அவரையில் பேன் அநேகமாகப் போய்விட்டது. ஒன்றிரண்டு இருக்கிறது, இருக்கட்டும். அது இல்லாவிட்டால் வண்டுக்குச் சாப்பாடு இல்லை. காலி மனைக்குப் போன வாரமே ஒரு காலையில் அப்பாவோடு போய், எருக்கிலையோடு சேர்த்து வண்டுக் குட்டிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தேன். எறும்பு இல்லாததால் அவற்றை விரட்ட யாரும் இல்லை. புதிய தளிர் சுத்தமாக வருகிறது. கத்தரியிலும் மிளகாயிலும் ஒன்றும் இல்லை. பந்தலுக்குக் கீழே பிசுக்கு இல்லை. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைத்துப் பார்த்தேன், காய்ந்த இலைதான் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். அப்பாவை உள்ளே கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவர் எல்லாவற்றுக்கும் சரி சார் என்பார். நான் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்ல முடியுமா?

அம்மா எனக்கு யூனிபார்ம் அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. எதுக்கும் இருக்கட்டும் என்றது.

ஜோசலின்


2 பிப்ரவரி

ஜோசலினுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாடியில் காய்கறித் தொட்டிகள் கூடாது என்று தீர்மானம். இந்த மாதக் கடைசிக்குள் எடுக்க வேண்டும்.

நான் பேசினேன். பூச்சி போய்விட்டது, பிசுக்கு இல்லை, மருந்தடிக்காமலே அந்தப் பெண் சரிசெய்துவிட்டாள், எறும்பு வந்தது என் கயிற்றினால்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டிபாபு சார் போனை எடுத்து நான் போட்ட படத்தையே எல்லாருக்கும் காட்டினார்.

"மேடம், இது நீங்க போட்டதுதானே? எங்க யாருக்கும் பூச்சியப் பத்தியே தெரியாது. நீங்கதான் சொன்னீங்க. இப்ப நீங்களே வேணாங்கிறீங்க."

"அது போன மாசம் சார். இப்ப மேல வந்து பாருங்கோ, ஒரு பூச்சி இருக்கா சொல்லுங்கோ."

"முட்டி வலி மேடம், மாடி ஏற முடியாது."

"ஏற முடியாதவருக்கு மேல என்ன இருந்தா என்ன சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் பக்கமே கை தூக்கினார்கள். உன்னிடம் காய் வாங்கும் இரண்டாம் மாடியும் தூக்கியது. கூரை ஒழுகுமாம், பாம்பு வருமாம். பேச்சு பூச்சியிலிருந்து எங்கேயோ போய்விட்டது. இவர் செயலாளர் என்பதால் நடுநிலையாம், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவரோடு நான் பேசவில்லை.

நீ பூச்சியை ஒழித்தாய். அதனால் ஒன்றும் மாறவில்லை. கோபத்தில் ஒரு நிமிஷத்தில் நான் போட்ட படம் மாற்றிவிட்டது. அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வேறொரு வழி இருக்கிறது. நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இவர் மேல் இருக்கும் கோபத்தினாலோ பாவம் பார்த்தோ இல்லை. எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலை ஏழிலிருந்து பத்து, பத்தரை வரை நல்ல வெயில். அதற்குப் பிறகு இல்லை. அவரைக்கு அது போதுமா, கத்தரிக்குப் போதுமா என்று நீதான் சொல்ல வேண்டும். பந்தலுக்குப் பதில் கம்பிக் கிராதி இருக்கிறது, அதில் ஏற்றிவிடலாம். சொந்த பால்கனியில் தொட்டி வைக்க எந்தத் தீர்மானமும் தேவையில்லை.

பால்கனிக்குத் தனி வழி கிடையாது. ஹாலைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நீ தினமும் அப்படிப் போவாய், வருவாய். மடிப் புடவை போடும் கம்பியும் அங்கேதான், சரிசெய்தாகிவிட்டது. வருஷத்தில் சில நாள் புடவை அதில் தொங்கும். அன்றைக்கு நீ தொடக் கூடாது. நித்யாவும் தொடக் கூடாது. யாராவது தொட்டுவிட்டால் மறுபடி நனைத்துக்கொள்வேன், கத்த மாட்டேன். இதற்கு மேல் என்னால் மாற முடியுமா என்று தெரியவில்லை. இல்லாததைச் சொல்ல விரும்பாமல், இருப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும். இதற்குக் கிளிப்பில் காகிதம் மாட்டி வேலை நடக்காது. எங்கள் வீட்டுக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கும். மணி அடித்தால்தான் திறப்பேன்.

காமு


4 பிப்ரவரி

மாமிக்கு,

மூன்றரை மணி நேர வெயிலில் கத்தரி காய்க்காது. மிளகாய் சுமாராக வரும். அவரை வரும், ஆனால் காய் குறையும். கீரை நன்றாக வரும். கத்தரித் தொட்டிகளை அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார், அங்கே மதியத்துக்கு மேல் வெயில் உண்டு. சிட்டிபாபு சார் கார் திருப்பும்போது இடிக்காமல் இருக்க வேண்டும்.

இந்த அவரையை அப்படியே இறக்க முடியாது. பந்தலோடு பின்னிக்கொண்டிருக்கிறது. காய் முடிந்ததை எல்லாம் அறுத்துவிட்டு, இடுப்பு உயரத்துக்கு வெட்டி, தொட்டியோடு கொண்டுவரப் பார்க்கிறேன். பிழைத்தால் மறுபடி தளிர்க்கும். பிழைக்காவிட்டால் விதை இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் வண்டுகளை எருக்கில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அவற்றுக்கு பால்கனி தெரியாது.

அம்மாவிடம் உங்கள் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். நான் சத்தமாகப் படித்ததே அம்மாவுக்கு ஆச்சரியம். முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க வூட்டு மணிய அடிச்சி உள்ள போவ தெரிஞ்சா, சிறுசேரில வந்து குட்மார்னிங் சொல்லவும் தெரியும்டி உனுக்கு. அதுக்கு மட்டும் ஏன் பயப்படற?" என்றது. அம்மா சொன்னதில் தப்பு இல்லை. அப்பாதான், "மொதல்ல மணிய அடிக்கட்டும் வுடு" என்றார். யூனிபார்ம் தைத்து வந்துவிட்டது. ஜூன் வரைக்கும் பார்க்கலாம் என்று அம்மா அதைப் பெட்டியில் வைத்திருக்கிறது.

நீங்கள் இருப்பதைச் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அன்று நீங்கள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் ஹாலைத் தாண்டும்போது எதில் இடிக்கிறேன், எதைத் தொடுகிறேன் என்று பார்த்துப் பார்த்துத்தான் நடப்பேன். அது போக நாளாகும்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வருகிறேன். முதலில் கீரைத் தொட்டி மட்டும். மணி அடிப்பேன். நீங்கள் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால் எனக்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். போய்விட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருப்பேன்.

ஜோசலின்